பசிக்காலம் எப்போது? கரடிகள் நிலத்துக்கு நிலம் மாறிய விதம்

விலங்குகள் தாம் வாழும் நிலத்துக்கேற்ப மாறின என்று சொன்னவுடன் நம் மனம் வெப்பத்தையும் குளிரையுமே முதலில் எண்ணுகிறது. பனி நிலத்து விலங்குக்கு அடர்ந்த ரோமம், பாலைவனத்து விலங்குக்குத் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் உடல் என்று பள்ளியில் படித்த பாடம் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பாடம் பொய்யில்லை. ஆனால் கரடிக் குடும்பத்தைப் பற்றித் தொடர்ந்து படித்து வரும் எனக்கு வேறொன்று உறுதியாகத் தோன்றுகிறது: ஆண்டின் எந்த மாதங்களில் உணவு கிடைக்கும், எந்த மாதங்களில் கிடைக்காது, கிடைக்காத மாதங்களை எப்படிக் கடப்பது என்ற கணக்குதான், தட்பவெப்பத்தைக் காட்டிலும் ஆழமாக, இந்த விலங்குகளின் உடலைச் செதுக்கியிருக்கிறது.

இந்தக் கேள்விக்குக் கரடிகளைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இன்று உயிரோடிருக்கும் இனங்கள் எட்டே. அந்த எட்டும் ஆர்க்டிக் கடற்பனி, வட அரைக்கோளத்தின் ஊசியிலைக் காடுகள், கோபிப் பாலை, சீனத்து மூங்கில் மலைகள், போர்னியோவின் மழைக்காடு, ஆண்டிஸ் மலைத்தொடர், இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள உலர்காடு என ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நிலங்களில் வாழ்கின்றன. பாண்டாவின் கிளை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. பழுப்புக் கரடி, பனிக்கரடி, அமெரிக்க, ஆசியக் கருங்கரடிகள், சூரியக் கரடி, நம் காட்டுக் கரடி ஆகிய ஆறும் ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன், குறுகிய காலத்துக்குள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. உள்ளங்கால் முழுவதையும் தரையில் பதித்து நடக்கும் பருத்த உடல், குட்டை வால், உள்ளிழுத்துக்கொள்ள முடியாத நகங்கள் என்ற அடிப்படை அமைப்பு எட்டிலும் ஒன்றே. வேறுபடுவன வாயும் பற்களும் நகங்களும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பசிக்காலத்தை எதிர்கொள்ளும் முறையும்.

வட நாட்டுக் கரடிகளின் குளிர்கால உறக்கத்திலிருந்து தொடங்குவதே முறை. 2011இல் அலாஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஊருக்குள் வந்து தொல்லை கொடுத்ததால் பிடிக்கப்பட்ட அமெரிக்கக் கருங்கரடிகளைச் செயற்கைப் பொந்துகளில் உறங்கவிட்டு, குளிர்காலம் முழுவதும் அவற்றின் உடல் நிலையை அளந்து வெளியிட்டார்கள். அவற்றின் வளர்சிதை மாற்றம் வழக்கமான அளவில் கால் பங்குக்கு இறங்கியிருந்தது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 55 என்பதிலிருந்து சராசரியாக 14 ஆகக் குறைந்திருந்தது. உடல் வெப்பநிலையோ ஒருசில டிகிரிதான் குறைந்து, 30 முதல் 36 டிகிரி செல்சியஸுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதே அலாஸ்காவில் உறங்கும் ஆர்க்டிக் தரை அணிலின் உடல் உறைநிலைக்கும் கீழே இறங்குகிறது என்பதோடு ஒப்பிட்டால், கரடியின் உறக்கம் எவ்வளவு வேறானது என்பது விளங்கும். ஐந்து முதல் ஏழு மாதங்கள் வரை அது உண்பதில்லை, குடிப்பதில்லை, சிறுநீரோ மலமோ கழிப்பதில்லை. சிறுநீரில் போக வேண்டிய யூரியாவின் நைட்ரஜனைத் திரும்ப எடுத்துப் புரதமாக்கிக்கொள்வதால், மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தும் தசை பெரிதாக உருகுவதில்லை; எலும்பும் வலுவிழப்பதில்லை. அவ்வளவு காலம் படுத்திருக்கும் மனிதனுக்குக் கால்களின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்துவிடும் ஆபத்து உண்டு. கரடிக்கு அது ஏன் நேர்வதில்லை என்பதற்கு, இரத்தத் தட்டணுக்களில் உள்ள ஒரு புரதம் உறக்கத்தின்போது வெகுவாகக் குறைந்துவிடுவதே காரணம் என்று ஸ்காண்டிநேவியப் பழுப்புக் கரடிகளைக் கொண்டு 2023இல் காட்டினார்கள்.

இத்தனை ஏற்பாடும் குளிரிலிருந்து தப்புவதற்கா? அப்படியென்றால் உடல் வெப்பத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் பருமனும் ரோமமும் உள்ள கரடியைவிட, அதே காட்டில் உறங்காமல் குளிர்காலத்தைக் கழிக்கும் நரிக்கும் முயலுக்கும்தான் இது கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும். கரடிக்கு இல்லாமல் போவது உணவு. புதர்களில் பழம் இல்லை, புல் இல்லை, பூச்சி இல்லை, சால்மன் மீன் ஆற்றில் ஏறிவரும் காலம் முடிந்துவிட்டது. பெரிய உடலை நிரப்பும் அளவுக்கு எதுவும் மிஞ்சாத நிலத்தில், இலையுதிர் காலத்தில் ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்று சேர்த்த கொழுப்போடு படுத்துக்கொள்வதே ஆதாயம். உணவு தொடர்ந்து வைக்கப்படும் விலங்குக் காட்சிசாலைகளில் கரடிகள் பெரும்பாலும் முழுமையாக உறங்குவதில்லை. அலாஸ்காவின் கோடியாக் தீவில் சில ஆண் கரடிகள் குளிர்காலம் முழுவதும் நடமாடிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஃபுளோரிடாவிலோ, குளிர் என்று சொல்லத்தக்க குளிர் இல்லாதபோதும் கருவுற்ற பெண் கரடிகள் பொந்துக்குள் ஒடுங்குகின்றன.

கருவுற்ற பெண் கரடி என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் கடக்க இயலாது. பழுப்புக் கரடியும் கருங்கரடியும் கோடையின் தொடக்கத்தில் இணைசேர்கின்றன. ஆனால் கரு உடனே கருப்பையில் பதியாமல், வளர்ச்சி நின்ற ஒரு சிறு உருண்டையாக மாதக்கணக்கில் காத்திருக்கிறது. இலையுதிர் காலம் முடியும்போது தாயின் உடலில் போதிய கொழுப்பு சேர்ந்திருந்தால் மட்டுமே அது பதிந்து வளர்கிறது. சேராவிட்டால் அந்த ஆண்டு குட்டி இல்லை. குட்டிகள் நடுக்குளிரில், பொந்துக்குள், சில நூறு கிராம் எடையோடு பிறக்கின்றன. பட்டினி கிடக்கும் தாயால் கொழுப்பிலிருந்து பால் சுரக்க முடியும்; ஆனால் கருவிலுள்ள குட்டிக்குக் கொழுப்பை நேராக ஊட்ட முடியாது, தன் தசையைக் கரைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஆகவே சீக்கிரம் ஈன்றுவிட்டுப் பாலூட்டுவதே குறைந்த செலவு என்பது உடலியலாளர்கள் பலகாலமாகத் தரும் விளக்கம். இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஏனெனில் குளிர்கால உறக்கமே இல்லாத பாண்டாவின் குட்டியும் 100 கிராம் அளவில்தான் பிறக்கிறது. என்னைக் கேட்டால், ஒரு குடும்பம் பழைய நிலத்தில் கற்றதைப் புதிய நிலத்துக்கும் சுமந்து செல்லும் என்பதற்கு இதையே சான்றாகக் கொள்வேன்.

பழுப்புக் கரடி ஒரே இனமாக இருந்துகொண்டே எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கிறது என்பதும் வியப்பானது. சால்மன் நிறைந்த அலாஸ்காக் கடற்கரையில் ஆண் கரடி 500 கிலோவைத் தாண்டும். மங்கோலியாவின் கோபிப் பாலையில், ஐம்பதுக்கும் குறைவாக எஞ்சியிருக்கும் மஸாலாய் என்ற கரடிகள், சுனைகளை அண்டிக் காட்டு ருபார்ப் கிழங்கையும் காட்டு வெங்காயத்தையும் உப்புநிலப் புதர்களின் பழங்களையும் தோண்டியும் பொறுக்கியும் தின்று, அந்த அலாஸ்காக் கரடியின் எடையில் ஒரு சிறு பங்கோடு வாழ்கின்றன.

அந்தப் பழுப்புக் கரடியிடமிருந்து பிரிந்து வந்த பனிக்கரடியிடம் காலக்கணக்கு தலைகீழாகிவிட்டது. அதன் உணவு, கடல்நாய்கள் எனப்படும் சீல்களின் கொழுப்பு. வளையச் சீல்கள் பனியின் மேல் குட்டி ஈனும் இளவேனிலே அதற்கு விருந்துக்காலம். அப்போது கொழுத்த குட்டிகள் ஏராளமாகக் கிடைக்கும். பல நேரங்களில் கரடி கொழுப்பை மட்டும் தின்றுவிட்டுத் தசையை விட்டுச் செல்லும். உலகின் மிகக் கடுமையான குளிரில் வாழும் இந்தக் கரடி குளிர்காலத்தில் உறங்குவதில்லை. கருவுற்ற பெண் மட்டுமே பனியிலோ மண்ணிலோ குடைந்த பொந்துக்குள் போகிறது. மற்றவை இருளிலும் வேட்டையாடிக்கொண்டிருக்கின்றன. குளிருக்காகத்தான் கரடி உறங்குகிறது என்பது உண்மையானால், முதலில் உறங்கியிருக்க வேண்டியது இதுவே. இதன் பசிக்காலம் கோடையில், பனி உருகிச் சீல்கள் எட்டாத தொலைவுக்குப் போய்விடும்போது வருகிறது.

பழுப்புக் கரடியோடு ஒப்பிட்டால் பனிக்கரடியின் தலை ஒடுங்கியது, கடைவாய்ப் பற்கள் சிறியவை. தாவரத்தை அரைக்கும் வேலை இல்லாததால் அந்தப் பற்கள் குறுகிவிட்டன. 2014இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு, இரத்தத்தில் கொழுப்பை ஏற்றிச் செல்லும் புரதத்துக்கான மரபணுவிலும் இதயம் சார்ந்த மரபணுக்களிலும் வலுவான இயற்கைத் தேர்வின் தடயங்களைக் கண்டது. நமக்கு மாரடைப்பைத் தந்துவிடும் உணவில் இது வாழ்நாள் முழுவதும் நலமாக இருக்கிறது. இந்தப் பிரிவு நிகழ்ந்த காலம் பற்றிய கணிப்புகள் வேறுபட்டாலும், பெரும்பாலானவை 10 லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே அடங்குகின்றன. ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் கிடைத்த, ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தாடை எலும்பு ஏற்கெனவே பனிக்கரடியினுடையதாகவே இருக்கிறது. இன்றும் இவ்விரு இனங்களும் கலந்தால் பிறக்கும் குட்டிகள் இனப்பெருக்கம் செய்யும் தகுதியுடையவை. உடலும் உணவும் இவ்வளவு விலகிய பிறகும் இரத்த உறவு அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

இனி நம் காட்டுக் கரடி. முதுமலை, சத்தியமங்கலம், முண்டந்துறைக் காடுகளிலும், இலங்கையில் யாலா, வில்பத்து, வஸ்கமுவ ஆகிய உலர்வலயக் காடுகளிலும் வாழும் இதனை 1791இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், நீண்ட நகங்களையும் முன்பற்களின் குறையையும் பார்த்துவிட்டுத் மரக்கிளைகளில் தொங்கி மெல்ல நகரும், தென் அமெரிக்காவின் ஸ்லாத் விலங்குகளோடு சேர்த்துவிட்டார். அவரை மயக்கிய அந்தப் பற்குறையில்தான் இந்தக் கரடியின் வாழ்க்கை இருக்கிறது. மேல்தாடையின் நடுவிலுள்ள இரண்டு வெட்டுப்பற்கள் இதற்கு இல்லை. அண்ணம் உட்குழிந்திருக்கிறது, உதடுகளைக் குழல்போல் முன்னே நீட்ட முடியும், மூக்குத் துளைகளை விருப்பப்படி மூடிக்கொள்ள முடியும். முழங்கால் உயரப் புற்றை நகங்களால் பிளந்து, முகத்தை உள்ளே நுழைத்து, முதலில் மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, பிறகு பல் இல்லாத இடைவெளி வழியாகக் கறையான்களை உறிஞ்சுகிறது. அமைதியான இரவில் அந்த ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். நற்றிணைப் பாடல் ஒன்று, நள்ளிரவில் புற்றை அகழும் ஆண் கரடியின் மூச்சைக் கொல்லனின் உலைத்துருத்திக்கு ஒப்பிடுகிறது. காட்டோரத்தில் வாழ்ந்தவர்கள் காதால் கேட்டறிந்த செய்தி அது. ஊதுவதும் உறிஞ்சுவதும்தான் இந்தக் கரடியின் தனித்தன்மை என்று உடற்கூற்றியல் பின்னாளில் சொன்னது, அந்த உவமையில் அப்போதே இருக்கிறது.

உலர்காடு கடினமான நிலம். நான்கைந்து மாதங்கள் மழை இல்லாமல் இலை உதிர்ந்து கிடக்கும். ஆயினும் புற்றுக்குள் ஈரம் இருக்கும், கறையான் இருக்கும். அதோடு ஒரு மரம் ஓய்ந்தால் இன்னொரு மரம் என்று பழங்கள் வந்துகொண்டிருக்கும். முதுமலையில் கொன்றையும் இலந்தையும், மத்திய இந்தியாவில் இலுப்பைப் பூவும், இலங்கையின் உலர்வலயத்தில் பாலைப்பழமும் இவற்றின் விருப்ப உணவுகள். யாலாவில் பாலை பழுக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் பகலிலேயே கரடிகளை மரத்தின் மேல் பார்க்கலாம். ஆக, எந்த மாதத்திலும் முற்றான பட்டினி இல்லை. எனவே நீண்ட உறக்கமும் இல்லை. வெப்பநிலைதான் உடலைத் தீர்மானிக்கும் என்று நம்புகிறவர்கள் இதன் ரோமத்தையும் பார்க்க வேண்டும். நாற்பது டிகிரி வெயில் அடிக்கும் நிலத்தில் வாழும் இதற்குக் கழுத்தைச் சுற்றி வட நாட்டுக் கரடிகளுடையதைவிட நீளமான சடை தொங்குகிறது. அடியில் இருக்க வேண்டிய மென்ரோம அடுக்கு மட்டும் இல்லை. வயிற்றில் ரோமம் அருகியே இருக்கிறது.

குட்டிகளைத் தாய் முதுகில் சுமந்து திரிவதும் இந்த இனத்தின் வழக்கம். புலியும் சிறுத்தையும் உலவும் திறந்த காட்டில், ஏறித் தப்பிக்கத் தகுந்த மரம் எப்போதும் அருகில் இருப்பதில்லை. மனிதனை எதிர்பாராமல் நேருக்கு நேர் சந்திக்கும்போது ஓடாமல் தாக்குவதும், புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய அதே வரலாற்றின் விளைவு என்றே பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மழைக்காட்டில் எப்போதும் உணவு நிறைந்திருக்கும் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. சூரியக் கரடி அதை மறுக்கிறது. எட்டு இனங்களில் மிகச் சிறியது. பெரும்பாலும் 65 கிலோவைத் தாண்டாது. 20 சென்டிமீட்டருக்கும் மேல் நீளும் நாக்கைக் கொண்டு மரப்பொந்துகளில் உள்ள கொசுத்தேனீக் கூடுகளை வழித்துத் தின்னும். போர்னியோவின் தாழ்நிலக் காட்டில் பெருமரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி, காடு முழுவதும் ஒரே வேளையில் காய்க்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் அத்தி மரங்களும் பூச்சிகளுமே துணை. 1999, 2000ஆம் ஆண்டுகளில் அதே போர்னியோவில், மலேசியாவின் சபா மாநிலக் காடு ஒன்றில் அந்தத் துணையும் போதாமல் போனபோது, கரடிகளும் காட்டுப் பன்றிகளும் எலும்பும் தோலுமாகி மடிந்ததை ஆய்வாளர்கள் நேரில் கண்டு பதிவு செய்தார்கள். எப்போது வரும், எப்போது முடியும் என்று தெரியாத பஞ்சத்தை உறங்கிக் கடக்க முடியாது. சிறிய உடல், எதையும் தின்னும் வாய், எந்த மாதத்திலும் குட்டி ஈனும் இயல்பு ஆகியவை அந்த நிச்சயமின்மைக்கான விடைகள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பாண்டா எடுத்த வழி முற்றிலும் வேறு. மூங்கில் குளிர்காலத்திலும் பசுமையாக நிற்கிறது. ஆகவே உணவு இல்லாத மாதமே இல்லை. ஆனால் அந்த உணவில் சத்து குறைவு. பாண்டாவின் குடலோ இன்னும் ஊன் உண்ணியின் குட்டைக் குடல்தான். தின்பதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அது சரியாகச் செரிப்பதில்லை. கொழுப்பு சேர்த்து உறங்குவது அதற்குக் கைகூடாத காரியம். அதனால் நாளில் பாதிக்கு மேல் தின்றுகொண்டே இருக்கிறது, செலவையும் சுருக்கிக்கொண்டுவிட்டது. அதே எடையுள்ள பாலூட்டியிடம் எதிர்பார்க்கத்தக்க ஆற்றல் செலவில் 38 சதவீதம் அளவே பாண்டாவுக்குத் தேவைப்படுகிறது என்று 2015இல் அளந்தார்கள். மூங்கிலைப் பற்றிக்கொள்ள மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு ஆறாவது விரல்போல் ஆகியிருக்கிறது; சீனாவின் யுன்னானில் கிடைத்த புதைபடிவம், அந்த எலும்பு 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அவ்வாறு நீண்டிருந்ததைக் காட்டுகிறது. இறைச்சியின் சுவையை உணர உதவும் மரபணு செயலிழந்துவிட்டது. ஒரே உணவை நம்பியதன் விலை, மூங்கில் பூக்கும்போது தெரியும். பூத்தவுடன் தோப்பு முழுவதும் பட்டுப்போகும். 1970களின் நடுவில் சீனாவின் மின் மலைகளில் அப்படி நேர்ந்தபோது 138 பாண்டாக்களின் சடலங்களாவது கண்டெடுக்கப்பட்டன. பழைய காலத்தில் அவை அடுத்த பள்ளத்தாக்குக்கு, வேறு வகை மூங்கில் உள்ள சரிவுக்குப் போயிருக்கும். இடையில் வயல்களும் சாலைகளும் வந்த பிறகு அது எளிதாக இல்லை.

ஆண்டிஸ் கரடியைப் பற்றி ஒரு செய்தி மட்டும். மேகங்கள் தவழும் மலைக்காட்டில் அன்னாசிக் குடும்பச் செடிகளின் குருத்தைத் தின்று வாழும் இதே இனம், பெருவின் வடமேற்கில் உள்ள லம்பாயெக்கேயின் வறண்ட காட்டிலும் வாழ்கிறது. அங்கே சப்போத்தே என்ற மரத்தின் பழம் கிடைக்கும் சில மாதங்களில் உடல் தேறி, பழம் தீர்ந்ததும் பசாயோ என்ற மென்மரத்தின் தண்டையே கடித்து மென்று நாட்களைத் தள்ளுகிறது.

இந்தக் கணக்கை இப்போது நாம் மாற்றிக்கொண்டிருக்கிறோம், இரண்டு திசைகளிலும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டுராங்கோ நகரைச் சுற்றிய கருங்கரடிகளில் நடந்த ஆய்வு, குளிர்காலத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் உறக்கம் ஏறத்தாழ ஆறு நாட்கள் குறைகிறது என்றும், மனிதர்களின் குப்பையைத் தின்று பழகிய கரடிகள் மேலும் குறைவாகவே உறங்குகின்றன என்றும் கண்டது. தட்பவெப்பத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொந்தில் இருக்க வேண்டிய கரடியை வெளியே நிறுத்த ஒரு குப்பைத்தொட்டியே போதுமானதாக இருக்கிறது. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் இரவில் வந்து, கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடிக்கும் கரடிகளும் இதே கணக்கில்தான் வருகின்றன. கொழுப்பு எங்கே குவிந்து கிடக்கிறதோ அங்கே போ என்று லட்சக்கணக்கான ஆண்டுகளாக அந்த உடல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவற்றை வலை வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடுவதைவிட, உணவுக் கழிவையும் எண்ணெயையும் கரடிக்கு எட்டாமல் வைப்பதே பயன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எதிர்த் திசையில் நிற்கிறது கனடாவின் ஹட்சன் விரிகுடா. அதன் மேற்குக் கரையில் கோடையில் பனி முழுவதும் உருகிவிடுவதால் பனிக்கரடிகள் நிலத்துக்கு வந்து பட்டினியோடு காத்திருக்கின்றன. கருவுற்ற பெண்களுக்கு அந்தப் பட்டினி எட்டு மாதம் வரை நீள்வதுண்டு. 1980களோடு ஒப்பிட்டால் கரையில் கழியும் காலம் இப்போது மூன்று வாரங்களுக்கும் மேல் நீண்டிருக்கிறது. 1987இல் ஏறத்தாழ 1,200 ஆக இருந்த அப்பகுதிக் கரடிகள் 2021இல் 618 எனக் கணக்கிடப்பட்டன. கோடையில் நடமாடிக்கொண்டே உறக்க நிலைக்குப் போய் ஆற்றலைச் சேமிக்கும் திறன் பனிக்கரடிக்கு உண்டு என்று முன்பு சிலர் கருதினார்கள். 2015இல் வெளியான அளவீடுகள் அதை ஆதரிக்கவில்லை. பட்டினி கிடக்கும் எந்தப் பாலூட்டியின் உடலும் எவ்வளவு குறைத்துக்கொள்ளுமோ அவ்வளவே அதன் உடலும் குறைத்துக்கொண்டது. நிலத்தில் பழங்களையும் பறவைகளையும் தின்று பிழைத்துக்கொள்ளலாமே என்ற வாதத்துக்கும் 2024இல் விடை வந்தது. 20 கரடிகளின் கழுத்தில் நிகழ்படக் கருவிகளைப் பொருத்தி மூன்று வாரங்கள் கவனித்தார்கள். சில படுத்தே கிடந்தன. சில அலைந்து பழங்களையும் புல்லையும் தின்றன. சில கடலில் நெடுந்தூரம் நீந்தின. அவற்றுள் இரண்டு கடலில் மிதந்த சடலங்களைக் கண்டும், நீரில் இருந்தபடி அவற்றை ஒழுங்காகத் தின்னவோ கரைக்கு இழுத்து வரவோ அவற்றால் முடியவில்லை. தேடி அலைந்தவையும் படுத்துக் கிடந்தவையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இளைத்தன; 20இல் 19 கரடிகள் எடை இழந்தன. பழத்தை அரைக்கும் பெரிய கடைவாய்ப் பற்களை இந்த இனம் பனியின் மேல் ஏறிய காலத்திலேயே இழக்கத் தொடங்கிவிட்டது. அவை திரும்ப வளர வேண்டிய காலமும் விரிகுடாவின் பனி குறைந்துவரும் காலமும் ஒரே அளவுகோலில் அடங்குவன அல்ல.